பூங்கா வாயிலில் ஒரு பலகை

கொள்ளை நோய் பரவும் காலத்தில், குழந்தைகள் விளையாடும் பூங்காவின் வாயிலில் அறிவிப்புப் பலகை வைப்பது எளிய செயலாகத் தோன்றும். அதில் எதை எழுதுவது என்பதோ எளிதன்று. 'எச்சரிக்கை' என்று மட்டும் எழுதினால் அச்சம் பிறக்குமேயன்றி அறிவு பிறவாது. நோய் எவ்வழியே வருகிறதென்று சொல்லும் பலகையே மக்களைக் காக்கும்.

நோயின் வழியை அறிவதில் கொல்கத்தா நகருக்குப் பெரும் பங்குண்டு. 1884-இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் அந்நகரக் குளமொன்றின் நீரில் காலராக் கிருமியைக் கண்டார். 1898-இல் ரொனால்டு ராஸ் அங்கே பறவைகளை ஆராய்ந்து, அவற்றின் மலேரியா கொசுக்கடியால் பரவுவதை மெய்ப்பித்தார். ஒன்றுக்கு வழி நீர், மற்றொன்றுக்குக் கொசு. வழி வேறானால் காப்பும் வேறு.

அந்நகரின் பாலிகஞ்சுப் பகுதியில் மாடக்ஸ் சதுக்கம் போன்ற திறந்தவெளிகள் உள்ளன. மழைக்காலத்தில் டெங்கு தலைகாட்டும்போது அத்தகைய இடங்களில் எப்பலகை வேண்டும்? டெங்குக் கொசு பகலில் கடிப்பது. குழந்தைகள் விளையாடும் நேரமும் அதுவே. பழைய டயரிலும் தொட்டியிலும் தேங்கிய நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே, 'வாரந்தோறும் தேங்கிய நீரைக் கொட்டுக. கைகால்களை மூடும் உடை அணிக' என்பதே அங்குப் பொருந்தும்.

கொரோனாவுக்கு இப்பலகை பயன்படாது. 2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, ஊஞ்சலைத் தொடுவதற்கும் பலர் அஞ்சினர். கிருமி படிந்த பொருளை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தெரிவித்தது. மூச்சுக்காற்றே முதன்மை வழி. எனவே, 'நெருங்கிக் கூடாதீர்; காய்ச்சலும் இருமலும் உள்ள குழந்தையை வீட்டில் இருத்துக' என்பதே தலையாய அறிவுரை.

பலகையில் நாள் குறித்தல் வேண்டும். நோய் தணிந்ததும் அதனை அகற்றுதல் வேண்டும். காலங்கடந்த பலகை, அடுத்த பலகையையும் படிக்காதிருக்கப் பழக்கிவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. பேரனைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் பாட்டிக்கு அவ்வூர் எழுத்து தெரியாதிருக்கலாம். படம் வரைந்த பலகை அவருக்கும், எழுத்தறியாச் சிறுவனுக்கும் ஒருங்கே பேசும். அத்தகைய பலகை வேண்டுமென நகராட்சியைக் கேட்போம். அது வரும்வரை, உள்ள பலகையின் பொருளை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, நம் வீட்டுப் பெரியோருக்குத் தமிழில் எடுத்துரைப்போம்.