வேலூர்ப் புரட்சியை நசுக்கிய கில்லெஸ்பி... ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்த தளபதியின் கதை!

அணைக்கட்டிலிருந்து பஸ்ஸில் வேலூர் வரும்போதெல்லாம், கோட்டைக்கு அருகே மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணைப் பார்த்திருக்கிறேன். 1806 சிப்பாய்ப் புரட்சிக்கான தூண் அது. தலைப்பாகை, திப்புவின் கொடி எல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கடைசியில் 'புரட்சி அடக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரி, அடக்கியது யார்?

ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி. 1766-ல் அயர்லாந்தில், கம்பர் என்ற ஊரில் பிறந்தவர். (ஆமாம், நம்ம கம்பர் மாதிரியேதான் உச்சரிக்கிறார்கள்!) ஆள் உயரம் குறைவு, கோபம் அதிகம். இளம் வயதிலேயே துப்பாக்கிச் சண்டை ஒன்றில் ஒருவரைச் சுட்டுக்கொன்று, வழக்கில் தப்பியவர். கரீபியன் தீவு ஒன்றில், வீடு புகுந்த எட்டுப் பேரைத் தனியாளாக எதிர்த்து ஆறு பேரைக் கொன்றார் என்றும் சொல்வார்கள்.

1806-ல் அவர் ஆற்காட்டில் குதிரைப்படைக்குத் தலைவர். அப்போது மெட்ராஸ் ராணுவத்தில் புது உத்தரவு வந்திருந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது. கூடவே, பார்க்கத் தொப்பி போலவே இருந்த புதிய தலைப்பாகை. அதில் தோலில் செய்த ஒரு சின்னம். அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இரு தரப்பு சிப்பாய்களையும் கொதிக்க வைத்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோலை நம்பியே பல குடும்பங்கள் பிழைக்கிற பகுதி நம்முடையது. இங்கே ஒரு துண்டுத் தோலில் இருந்தும் ஒரு புரட்சி கிளம்பியிருக்கிறது!

ஜூலை 10 அதிகாலை, கோட்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. செய்தி கிடைத்ததும் கில்லெஸ்பி சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் பறந்து வந்தார். மதில்மேல் தோட்டா தீர்ந்து தவித்துக்கொண்டிருந்தார்கள், உயிர்தப்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுமார் 60 பேர். கயிற்றைப் பிடித்து அவர்களிடம் ஏறிய கில்லெஸ்பி, துப்பாக்கி முனைக் கத்தியோடு அவர்களை முன்னேற வைத்தார். பின்னாலேயே பீரங்கிகள் வந்து சேர்ந்தன, கதவு தகர்ந்தது.

அதுவரை அது போர். அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுடச் சொன்னார் கில்லெஸ்பி. விசாரணை எதுவும் இல்லை. கோட்டைக் கதவைத் தகர்த்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

கில்லெஸ்பிக்கு ஏறுமுகம்தான். 1811-ல் ஜாவா படையெடுப்பில் வெற்றி, பிறகு மேஜர் ஜெனரல் பதவி. 1814-ல் நேபாளப் போர். டேராடூன் பக்கத்தில் நாலாபானி மலைக்கோட்டைக்குள் பலபத்ர குன்வர் தலைமையில் சுமார் 600 பேர், பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. சின்னக் கோட்டைதானே என்று நினைத்தாரோ என்னவோ, அக்டோபர் 31 அன்று முன்வரிசையில் நின்று படையை அழைத்தபோது குண்டு பாய்ந்து இறந்தார். அந்தச் செய்தி லண்டனை எட்டும் முன்பே, 1815 புத்தாண்டில் அவருக்கு 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது!

சொந்த ஊரில் அவருக்கு 55 அடி உயரத் தூண் இருக்கிறது, உச்சியில் சிலையோடு. டேராடூனில் இருப்பது இரட்டைத் தூண். ஒன்று கில்லெஸ்பிக்கு. இன்னொன்று அவரைக் கொன்ற பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும். இரண்டையும் நட்டது ஆங்கிலேயர்களே. எதிரியின் வீரத்தை மதித்தார்களாம்!

வேலூரில் சுவரோரம் நின்றவர்களை அவர்கள் எதிரியாகக்கூட மதிக்கவில்லை, துரோகி என்றே பார்த்தார்கள் என்பது என் எண்ணம். அந்த நூறு பேருக்கு அவர்கள் கல் எதுவும் நடவில்லை. மக்கான் தூணை நாம் எழுப்பியது 1998-ல், 192 வருடங்கள் கழித்து.