பரிந்துரைக் கடிதம் மட்டும் போதுமா?



கோடை விடுமுறை நெருங்கினாலே மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் உள்ள நம் தமிழ்ச் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவோம். ஊரிலிருந்து புதிதாக வந்த வாலிபன் ஒருவன் நன்றாகப் பாடுகிறான், கிதார் வாசிக்கிறான், உருக்கமாகச் சாட்சி சொல்லுகிறான். மூன்றாம் ஞாயிறே சிறுபிள்ளைகள் வகுப்பு அவன் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அவன் முன்பு எந்தச் சபையில் இருந்தான், ஏன் அதை விட்டு வந்தான் என்று உங்கள் சபையில் எவரேனும் விசாரித்ததுண்டா?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திற்கான 2020ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் சம்பளம் வாங்குவதில்லையே, இது நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். சம்பளம் வாங்காதவரிடம் விடப்பட்டாலும் பிள்ளை பிள்ளைதானே!

சரி, காவல்துறைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. அது பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பெரும்பாலும் விண்ணப்பித்தவர் தந்த முகவரியை ஒட்டியே விசாரணை நடக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் ஜனத்துக்கோ ஐந்தாண்டுகளில் மூன்று முகவரிகள்! பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்று 2018இல் தொடங்கப்பட்டது. அதைக் காவல்துறையினரே பார்க்கலாம், நீங்களும் நானும் பார்க்க இயலாது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, புகாரே செய்யப்படாத குற்றம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஏன் புகார் செய்யப்படுவதில்லை? சொல்லக் கசப்பாயிருந்தாலும் சொல்லியாக வேண்டும். சபையின் பெயர் கெட்டுப்போகும் என்று மூப்பர்கள் கூடிப் பேசி, அந்த மனிதனை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். போகும்போது கையில் நல்லதொரு பரிந்துரைக் கடிதமும் கொடுக்கிறார்கள். எபேசுவின் சகோதரர் அப்பொல்லோவுக்காகக் கடிதம் எழுதினார்கள். அது அவரை அறிந்தவர்கள் எழுதியது. அறிந்ததை மறைத்து எழுதும் கடிதத்துக்கு வேறு பெயர் உண்டு. அதுமட்டுமல்ல, குற்றம் நடந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பது போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியது. தமக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆகையால் கடிதத்தைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். அதை எழுதிய போதகரோடு தொலைபேசியில் பேசுங்கள். "இவரிடம் உங்கள் சொந்தப் பிள்ளைகளை மறுபடியும் ஒப்படைப்பீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் வருமுன் எழும் தயக்கம் கடிதம் சொல்லாததைச் சொல்லிவிடும். விசாரித்தால் அவர் மனம் புண்படுமோ என்று அஞ்ச வேண்டாம். எருசலேமின் சீஷர்கள் சவுலை உடனே நம்பிவிடவில்லை. பர்னபா அவரை அழைத்துவந்து, நடந்ததை விவரித்த பின்பே சேர்த்துக்கொண்டார்கள். பவுல் அதைக் குறையாக எண்ணியதாக நாம் எங்கும் வாசிப்பதில்லை.

புதிதாக வந்தவரை மட்டும் சோதித்துவிட்டு, மூப்பரின் மகனையும் போதகரின் மைத்துனரையும் விட்டுவிடுவது நியாயமன்று. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். எனவே எந்த வகுப்பிலும் ஆசிரியர் இருவராக இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். பிள்ளையைத் தனியே வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பை எவருக்கும் கொடுக்க வேண்டாம். காகிதம் காணாததை இந்த ஒழுங்கு தடுக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிள்ளை வந்து ஏதேனும் சொன்னால், குறுக்கிடாமல் கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒப்புரவாக்க முயலாதீர்கள். காவல் நிலையத்திற்குத் தெரிவியுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பிள்ளையின் பெயரைச் சபையில் ஒருபோதும் சொல்லாதீர்கள், ஜெபக் குறிப்பாகக்கூட.