பகா எண்ணும் பகாப்பதமும்

பகுக்க முடியாமையை ஒரு பொருளின் சாரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சூழலில் நிறையவே உண்டு. தேசம் பகாதது, மொழி பகாதது என்கிறோம். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நன்னூலின் பகாப்பதம். ‘மரம்’ பகாப்பதம். பொருள் நோக்கில் அதை உடைக்க முடியாது. எழுத்தாகப் பார்த்தால் ம, ர, ம் என்று தாராளமாக உடையும். பகா எண்ணும் அப்படித்தான். 23ஐக் கூட்டலில் 20, 3 என்று பிரிக்கலாம்; முழு எண்களின் பெருக்கலாகப் பிரிக்கப் போனால் 1ம் 23ம்தான் மிஞ்சும். ஆக, பகாமை என்பது ஒரு செயலோடு எண் கொள்ளும் உறவு.

எண் பெரிதாகும்போது இன்னொன்றும் தெரிகிறது. ஓர் எண் பகுபடும் என்று அறிவது வேறு, அதன் பகுதிகளை அறிவது வேறு. பகா எண் என்றால், 2ஐ அத்தனை தடவை எழுதிப் பெருக்கி அதில் 2ஐக் கழித்தால், வருவது அந்த எண்ணால் மீதியின்றி வகுபட வேண்டும். 9க்குச் செய்து பாருங்கள்: 512இல் 2 போக 510, 9ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே 9 பகா எண் இல்லை. 3 என்ற பேச்சே இதில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை ஏமாறவும் செய்யும். ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729, உண்மையில் 7, 13, 19 மூன்றின் பெருக்கம், ஆனாலும் தேறிவிடுகிறது. ஏமாறாத, எண் பெருத்தாலும் படிகள் கட்டுக்குள் நிற்கிற முறையை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா தந்தார்கள். அதுவும் பகா எண்ணா இல்லையா என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். பகுதிகளை எடுத்துக் கையில் கொடுப்பது அதன் வேலை இல்லை.

இந்த இடைவெளியில்தான் பூட்டு செய்திருக்கிறார்கள். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறை, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தை ஊரறிய வைத்துவிட்டு, அந்த இரண்டையும் மறைத்துக்கொள்கிறது. 2020இல் அப்படியொரு 250 இலக்க எண்ணை உடைக்க, ஒற்றைக் கணினிச் செயலகம் 2700 ஆண்டு செய்யும் அளவு வேலை பிடித்தது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண்ணோ 41024320 இலக்கம் கொண்டது: 2இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அன்றைக்குத் தெரிந்தவற்றில் மிகப் பெரியது. பூட்டுக்கு அது உதவாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே! பூட்டுக்குள் இருப்பவை பெயரில்லாத, முந்நூற்றுச் சொச்சம் இலக்க எண்கள். ஆதார் சரிபார்ப்பில் கைரேகைத் தரவை மூடி அனுப்பும் ஏற்பாட்டிலும் 617 இலக்கப் பெருக்கம் ஒன்று உண்டு.

பூட்டு உறுதியானது என்று அரசு சொன்னால், கணக்குப்படி சரிதான். ஆனால் அது காப்பது வழியில் போகும் தரவை. எங்கள் கோட்டக்குப்பத்துக்கு வடக்கே, மரக்காணம் உப்பளத்தில் வருஷக்கணக்காக உப்பு வாரிய கைகளில் ரேகை தேய்ந்துபோகிறது. 2020இல் ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்த பிறகு, “ரேகை விழல, அப்புறம் வாங்கம்மா” என்பதற்கு அந்தப் பெண்களிடம் பதில் இல்லை. பூட்டின் உறுதியை மொத்த ஏற்பாட்டின் உறுதியாகக் காட்டும் சொல்லாடலை நாம் பகுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. எந்தச் செயலுக்கு முன்னால் பகாதது என்று எண்ணிடம் கேட்கிற நாம், யாருக்கு உறுதியானது என்று ஏற்பாட்டிடமும் கேட்கலாம்.