ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.. பயந்து நிறுத்தலாமா? நிஜ வாழ்க்கை ஆய்வுகள் சொல்வது என்ன?

"ரத்தக்கசிவு வருமாமே, இந்த மாத்திரை வேணாம்." இதயத் துடிப்பு சீரில்லாமல் போகும் 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' பாதிப்பு உள்ள பலரின் பயம் இது. அந்தப் பயம் நியாயமானதா?

எதுக்கு இந்த மாத்திரை?

இதயத்தின் மேல் அறைகள் முறையாகச் சுருங்காததால் ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்தான். இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம்.

பழசு vs புதுசு

வார்ஃபரின் பழைய மருந்து. ஐஎன்ஆர் பரிசோதனை செய்து, அளவை 2 முதல் 3-க்குள் வைத்திருக்கணும். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் புதியவை. இந்தத் தொடர் பரிசோதனை தேவையில்லை. 18,201 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், வார்ஃபரினைவிட அபிக்ஸபானில் பெரிய ரத்தக்கசிவு 31% குறைவு.

நிஜ வாழ்க்கையில்?

ஆய்வில் சேர்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், கண்காணிப்பும் உண்டு. வீட்டில் அப்படியில்லையே! அதனால்தான் டென்மார்க்கில் 61,678 நோயாளிகளின் பதிவுகளை அலசினர். 2016-ல் வெளியான முடிவு: அபிக்ஸபான், டாபிகாட்ரான் எடுத்தவர்களுக்கு வார்ஃபரினைவிட ரத்தக்கசிவு குறைவு, ரிவராக்ஸபானில் ஏறக்குறைய அதே அளவு. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 5.8 லட்சம் பேரின் தரவுகளிலும் (2021) ரிவராக்ஸபானைவிட அபிக்ஸபானில் பாதிப்பு குறைவு. ஆனால் இவை பதிவுகளை ஒப்பிட்டவை மட்டுமே, முடிந்த முடிவல்ல.

எல்லோருக்கும் புதுசு பொருந்துமா?

பொருந்தாது. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின் வகைதான். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பாதித்தவர்களுக்கும் ரிவராக்ஸபானைவிட அதுவே மேல் என 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியவை

* புதிய மாத்திரைகளின் பலன் சீக்கிரம் குறைந்துவிடும். ஒரு வேளையைக்கூட தவறவிடாதீங்க.
* மூட்டுவலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.
* சிறுநீரகச் செயல்பாட்டை அவ்வப்போது பரிசோதியுங்கள், அதைப் பொறுத்து அளவு மாறலாம்.
* வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம். அளவு ஒரே சீராக இருந்தால் போதும்.
* மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை. முகம் கோணினால், கை கால் மரத்தால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையால் வரும் ரத்தக்கசிவைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். நிறுத்தியதால் வரும் பக்கவாதம் ஆளையே முடக்கிவிடும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.