நீர் வடியக் கல் தோன்றும்: ஒரு சீன மரபுத்தொடரின் பொருளும் ஆட்சியும்

சீன மொழியின் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கு எழுத்துகளால் அமைவன. அவற்றைச் ‘செங்யூ’ என்பர். அவற்றுள் இயற்கைக் காட்சியினின்று பிறந்த ‘ஷுய் லுவோ ஷி சூ’ என்பதனை ஈண்டு ஆராய்வாம். ‘ஷுய்’ நீர், ‘லுவோ’ தாழ்தல், ‘ஷி’ கல், ‘சூ’ வெளிப்படுதல். நீர் வடியக் கல் தோன்றும் என்பது சொற்பொருள். மறைந்து கிடந்த உண்மை புலப்படும் என்பது இன்றைய வழக்குப்பொருள். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி உணராதார் பழைய சீன நூல்களை மொழிபெயர்க்குங்கால் பிழைபடுவர்.

சொங் அரசமரபுக் காலத்து ஔயாங் சியூ, சூசோவில் ஆட்சியாளராயிருந்தபோது 1046இல் ஒரு மலை மண்டபத்தைப் பற்றி உரைநடை ஒன்று வரைந்தார். அதன்கண் மலையின் நான்கு பருவங்கள் கூறப்படுகின்றன. நீர் தாழ்ந்து கல் தெரிதல் குளிர்காலத்தின் அடையாளமாக நிற்கின்றது. ஆண்டு அச்சொற்களுக்கிடையே இடைச்சொல் உண்டு. அவ்விடைச்சொல் நீங்கி நான்கெழுத்தாகத் தொடர் அமைவது, சூ ஷி 1082இல் ஹுவாங்சோவில் இயற்றிய செம்பாறை பற்றிய இரண்டாம் ‘ஃபூ’வில் ஆகும். மூன்று திங்கட்கு முன்னர் அவர் கண்ட ஆறு பரந்து கிடந்தது. மீண்டும் சென்றபோது நீர் தாழ்ந்து, இடமே அடையாளம் தெரியாவகை மாறியிருந்தது. ஈரிடத்தும் பருவமாற்றமே பொருள். உண்மை வெளிப்படுதல் என்னும் கருத்து இல்லை.

பிற்காலத்தே இத்தொடர் உவமைப்பொருளில் நிலைபெற்றது. 18ஆம் நூற்றாண்டில் சாவ் சுவேசின் எழுதிய ‘செம்மாடக் கனவு’ என்னும் நெடுங்கதையின் 61ஆம் இயலில், வீட்டில் நிகழ்ந்த களவு ஒன்று துலங்கியமையை இது குறிக்கின்றது. இன்று ‘ஆராய்தல்’ என்னும் பொருளுடைய ‘சா’ என்ற வினையோடு சேர்ந்து, உண்மை தெளியுங்காறும் விசாரித்தலைக் குறித்தல் பெருவழக்கு.

இத்தொடரில் எழுவாயும் பயனிலையுமாக ஈரிணைகள் உள. அவற்றைப் பிணைக்கும் சொல் யாதும் இல்லை. தமிழிற் பெயர்ப்போர் ஒரு பிணைப்பைத் தருதல் வேண்டும். ‘வடிந்து’ எனின் செய்தெனெச்சம் பொதுவிதியால் தன் வினைமுதல்வினையையே வேண்டும். ஈண்டோ நீரும் கல்லும் வெவ்வேறு வினைமுதல்கள். ‘வடிந்தால்’ எனின் மூலத்தில் இல்லாத நிபந்தனை புகும். ‘வடிய’ என்னும் செயவெனெச்சமே பிறவினைமுதலைக் கொள்வதோடு, காலம், காரணம் ஆகிய இரண்டற்கும் இடந்தரும். ஆதலின் அதனையே கொண்டாம்.

பொருளால் நெருங்கிய பிறிதொரு தொடரும் உண்டு. கி.மு. 227இல் சின் நாட்டு மன்னனைக் கொல்லச் சென்ற ஜிங் கா, சுருட்டிய நிலப்படத்துள் குத்துவாளை மறைத்திருந்தான். அதனின்று பிறந்த ‘படம் விரிந்து முடியக் குத்துவாள் தோன்றும்’ என்பது ஒருவனது தீய உள்நோக்கம் வெளிப்படுதலையே சுட்டும். நம் தொடரிலோ கல்லை ஒளித்தவர் உளர் என்பது இன்றியமையாததன்று, கல் முன்னரே அங்குக் கிடந்தது, மறைப்பு நீங்கிற்று. ஆதலின் வஞ்சகம் அம்பலமாதலைக் கூறுமிடத்து இரண்டனையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

சுருங்கக் கூறின், சொங் காலத்து இயற்கை வருணனையில் இத்தொடர் வரின் ஆற்றையும் பருவத்தையுமே பெயர்த்தல் வேண்டும். வழக்கு, களவு, ஐயம் முதலியன பற்றிய பிற்கால உரையில் வரின் உண்மை துலங்குதலைக் கொள்ளல் வேண்டும். இடமும் காலமும் நோக்காது பிற்காலப் பொருளை முற்காலப் பனுவலில் ஏற்றின், சூ ஷி கண்ட குளிர்கால ஆறு நம் வாசகர்க்குத் தோன்றாமலே போய்விடும்.