முரண்டும் புரவி

பாண்டிய மன்னனுக்காக வந்த குதிரைகளின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பகலில் பரிகளாய் நின்றவை இரவில் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின என்று புராணம் கூறும். புராணத்தை விட்டு நடைமுறைக்கு வந்தாலும், குதிரை வாங்கியவர் பலருக்கு ஏறக்குறைய இந்த அநுபவமே நேர்வதுண்டு. விற்பவரிடத்தில் சாதுவாய் நின்ற குதிரை, வாங்கியவர் ஏறியவுடன் முன்னங்கால்களைத் தூக்கி எழுகிறது. துள்ளி ஆளைத் தூக்கி எறிகிறது. அவர் என்ன செய்வது? சாட்டையை எடுப்பதா? வந்த விலைக்கு விற்றுவிடுவதா? இவ்விரண்டுக்கும் முன்னே செய்யத்தக்கவை சில உள்ளன.

முதற் கடமை, இறங்கிவிடுதல். குதிரை நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு. அதன்மேல் அமர்ந்தவரின் தலை, தரையிலிருந்து ஏறத்தாழ எட்டடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. ஆதலால், ‘நானா அதுவா பார்த்துவிடுகிறேன்’ என்று மீண்டும் ஏறுவது வீரமன்று. காரணம் தெரியும்வரை ஏறாதிருப்பதே அறிவு.

காரணங்களுள் தலையாயது அச்சம். குதிரை, புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த இனம். ஓடித் தப்புவதே அதன் இயற்கை. தலையின் இருபக்கத்திலும் கண்கள் அமைந்திருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதியை அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை அதன் கண்ணுக்குத் தெரியா. பழகிய கூட்டத்தைப் பிரிந்து, தெரியாத இலாயத்தில், தெரியாத மனிதரிடையே நிற்கும் புதுக்குதிரைக்கு ஒரு சிறு காகிதம் பறந்தாலும் திகில்தான்.

மாசிடோனியாவின் பிலிப் மன்னனிடம் 13 தாலந்து விலை கூறி ஒரு குதிரையைக் கொண்டுவந்தனர். அருகில் வந்த எவரையும் அது ஏறவிடவில்லை. ‘திருப்பிக் கொண்டுபோங்கள்’ என்றான் மன்னன். சிறுவனாகிய அலெக்சாந்தரோ, குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதைக் கவனித்தான். அதன் முகத்தைக் கதிரவன்பால் திருப்பி, தடவிக் கொடுத்து, சிறிது தூரம் உடன் ஓடி, பின்னரே ஏறினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதுவே பியூசிபலஸ். பிறர் குதிரையின் குற்றத்தைப் பார்த்தனர். அவன் அக்குற்றத்தின் காரணத்தைப் பார்த்தான்.

இரண்டாவது காரணம் நோவு. குதிரைக்கு வாயுண்டு, ‘வலிக்கிறது’ என்று சொல்ல மொழியில்லை. பொருந்தாத சேணம் முதுகை அழுத்தும். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும்; அவ்வாயில் கடிவாளத்தை இழுத்தால் அது தலையை உதறாமல் என்ன செய்யும்? ஆகவே சாட்டையைத் தேடுவதற்குமுன் கால்நடை மருத்துவரைத் தேட வேண்டும். பல், முதுகு, குளம்பு, கண் ஆகிய நான்கையும் அவர் சோதிக்கட்டும். சேணத்தை அறிந்தவர் ஒருவர் அது பொருந்துகிறதா என்று பார்க்கட்டும்.

மூன்றாவது காரணம் தீனி. தானியத்தை மிகுதியாகக் கொடுத்து, வேலையின்றி நாள் முழுவதும் கட்டிவைத்தால், அடங்கிக் கிடந்த வலிமை ஏறியவர்மீது வெடிக்கும். தானியத்தைக் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் கூட்டி, நாள்தோறும் வெளியில் உலவவிடுவது நலம்.

இவையெல்லாம் சீரான பிறகு, பயிற்சியைத் தரையிலிருந்தே தொடங்க வேண்டும். நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்துங்கள். ‘நில்’ என்றால் நிற்கவும், ‘நட’ என்றால் நடக்கவும் பழக்குங்கள். சொன்னபடி செய்த அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்துவதுதான் அதற்குப் பரிசு. மிரளும் பொருளை நோக்கி அடித்து விரட்டலாகாது. அங்கே தீங்கில்லை என்பதைத் தாமே தொட்டுக் காட்டி மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும். கிரேக்க நாட்டுச் செனோபன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரையேற்ற நூலொன்றில் இதைக் கூறினார். சினத்தோடு குதிரையிடம் செல்லாதே என்பதும் அவருடைய அறிவுரை. அடிபட்ட குதிரை, அஞ்சிய பொருளையும் பட்ட அடியையும் சேர்த்தே நினைவில் வைக்கும்.

1858-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் குரூசர் என்ற குதிரை இருந்தது. கொலைகாரக் குதிரை என்றே பெயர் பெற்றது. வாய்க்கு இரும்புக் கூடு மாட்டியிருந்தனர். அமெரிக்கராகிய ஜான் ரேரி அதனிடம் சென்று, முன்னங்காலை வாரால் மடித்துக் கட்டி, அடிக்காமல், மெல்லப் பேசித் தடவி, சில மணி நேரத்தில் பணியச் செய்தார். காலைக் கட்டும் அம்முறையை இன்றைய பயிற்சியாளர் பலர் ஏற்பதில்லை. ஆனால், கொடுமையே அக்குதிரையைக் கொடியதாக்கியது என்பதை அவர் உலகறியக் காட்டினார்.

எனினும், ரேரியைப் போல் நாமும் செய்யலாம் என்று துணிதல் தவறு. புதிதாக ஏறப் பழகுபவரும் புதிதாகப் பழக்கப்படும் குதிரையும் ஒன்றுசேர்வது, நீந்தத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஆற்றில் இறங்குவது போலாம். தேர்ந்த பயிற்சியாளரிடம் விடுவதில் இழிவில்லை.

அவரும், ‘இக்குதிரை உமக்கு ஏற்றதன்று’ என்று கூறிவிட்டால்? அப்போதுதான் வாங்கியவரின் உள்ளம் சோதிக்கப்படுகிறது. குதிரையை முதல்நாள் ஓயும்வரை ஓட்டியோ, மயக்க மருந்து கொடுத்தோ சாதுவாகக் காட்டி விற்பவர் உண்டு. அப்படி ஏமாந்தவர், தாமும் அவ்வாறே இன்னொருவர் தலையில் கட்டிவிட எண்ணுவது இயல்பு. ஆனால் அடுத்து ஏறப்போவது ஒரு சிறுவனாக இருக்கலாம். அவன் விழுந்தால் அப்பழி யாரைச் சேரும்? குறையை ஒளிக்காமல் சொல்லி, அடக்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். பொருள் நட்டமாகும், ஓர் உயிர் நட்டமாகாது.

வாங்குமுன்னரே விழித்திருப்பது இதனினும் நன்று. ஒரு முறைக்கு இரு முறை, முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். விற்பவரை முதலில் ஏறச் சொல்லுங்கள். அவர் ஏறத் தயங்கினால், நீங்கள் ஏறாதீர்கள்.