குடுமியான்மலையும் பேஸ் கிட்டாரும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டி, மேலைக்கோயில் எனும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசாணையோ நிலதானமோ அல்ல, முழுக்க ஸ்வரங்கள். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம் தொடங்கி கைசிகம் வரை ஏழு பகுதிகள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ச, சி, சு, செ என உயிரொலி மாறுகிறது. ஸ்வரத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தையோ தந்தியில் விரல் படும் முறையையோ இது குறிப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். எழுதியவர் ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர். அவர் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கு அந்தப் பெயரைவிட முக்கியமாகப்படுவது, கடைசியில் தமிழில் இருக்கும் குறிப்பு. எட்டுக்கும் ஏழுக்கும் இந்த ஸ்வரங்கள் பொருந்தும் என்கிறது அது. எட்டுத் தந்தி வீணைக்கும் ஏழு தந்தி வீணைக்கும் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஏழு தந்தி வீணையைப் பரிவாதினி என்று அமரகோசம் எனும் சமஸ்கிருத நிகண்டு சொல்லும். அந்தப் பெயர் இந்தப் பாறையில் மட்டுமில்லை, திருமயத்திலும் மலையக்கோயிலிலும் வெட்டப்பட்டிருக்கிறது. தந்தியின் எண்ணிக்கை மாறினால் வாசிப்பும் மாறும் என்பதைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்குக் கருதியவர்கள் இந்த மாவட்டத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

எத்தனை தந்தி என்ற அதே கேள்வி அமெரிக்காவில் 1970களில் பேஸ் கிட்டாரை முன்வைத்து எழுந்தது. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸுக்கு நான்கு தந்தி, 34 அங்குல நீளம். நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஸ்வரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். இதில் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகள் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும். 'பிரசிஷன்' என்ற பெயரே அதற்காகத்தான். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளிய அந்த வாத்தியம் எல்லார் கைக்கும் போதுமானதாக இருந்தது. ஒருவர் கைக்குப் போதவில்லை. ஆந்தனி ஜாக்சன் என்ற நியூயார்க் கலைஞர், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் தந்தி கூட்டி ஆறு தந்தி பேஸ் வேண்டும் என்றார். 1975-இல் கார்ல் தாம்ஸன் என்ற கைவினைஞர் செய்து தந்தார். தந்திகளுக்கிடையே இடம் குறுகலாக இருந்தது ஜாக்சனுக்குப் பிடிக்கவில்லை. வேறு கைவினைஞரிடம் போனார், இடைவெளியை அகலமாக்கினார். பின்னாளில் புரூக்ளினின் ஃபொடேரா பட்டறை அவருக்காக 36 அங்குல நீளத்தில் செய்தது. ஒரு மனிதரின் கைக்காக ஒரு வாத்தியமே மறுபடி மறுபடி பிறந்தது.

இன்று உலகம் முழுக்க 'பூட்டிக் பேஸ்' என்று பிரியர்கள் கொண்டாடுவது வாசிப்பவருக்கும் செய்பவருக்குமான இந்த உறவைத்தான். வாங்குகிறவர் கழுத்தின் தடிமனைச் சொல்கிறார், மரத்தைத் தேர்கிறார், பிக்கப் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று பேசுகிறார், மாதக்கணக்கில் காத்திருக்கிறார். விலை அதிகம்தான். ஆனாலும் செய்தவரின் பெயரைச் சொல்லி வாசிக்கிற வாத்தியம் அது.

தஞ்சாவூர் வீணை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்தானே தஞ்சை! பண்ருட்டிப் பலாமரத்தில் குடம் குடைந்து, தண்டி கடைந்து, யாளி முகம் வைத்து முடித்த பின்னும் வீணை பாதிதான் ஆகியிருக்கும். கரிய மெழுகின் மேல் மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கிற வேலை மிச்சம். அதை மேளம் கட்டுவது என்பார்கள். ஆண்டுகள் போகப்போக மெழுகு நெகிழும், மெட்டு நகரும், வீணை மறுபடி ஆசாரியிடம் வரும். வித்வானும் ஆசாரியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டாகச் சரிபார்ப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது.

கணக்கும் ஒத்துப்போகிறது. வீணையில் 24 மெட்டுகள், ஒரு தந்தியில் இரண்டு ஸ்தாயி. கைவினை பேஸ்களில் பெரும்பாலும் அதே 24, அதே இரண்டு ஸ்தாயி. வீணையில் வாசிக்கும் தந்தி நான்கு. சாரணி, பஞ்சமம், மந்தரம் கடந்து கடைசியில் அனுமந்தரம். அதைத் தொட்டால் எழும் கனத்த நாதத்துக்காகவே வீணை கேட்பவர்களை எனக்குத் தெரியும். பேஸ் கிட்டார் மொத்தமும் அந்தக் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் வாத்தியம். பேஸில் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு வாசித்தவர்களும் உண்டு. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைத் தடவி வாசித்தார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் வழுக்கிப் போகும் அந்த ஓசை நம் காதுக்கு உடனே கமகமாகப்படும்.

தமிழ்க் காதுக்கு பேஸைப் பழக்கியது சினிமா. 'மூடுபனி' 1980-இல் வந்தது, 'நினைவெல்லாம் நித்யா' 1982-இல், 'அக்னி நட்சத்திரம்' 1988-இல். இந்தப் படங்களுக்கு இளையராஜா அமைத்த பாடல்களில் பேஸ் வெறுமனே தாளத்துக்கு ஒத்து ஊதுவதில்லை. பாட்டின் மெட்டுக்கு எதிரே இன்னொரு மெட்டு பாடும். அவருக்காக அதை வாசித்த சசிதரனின் பெயரை மரியாதையோடு சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாட்டு கேட்பவர்கள் தமிழ்நாட்டில் ஒரு தனிக் கூட்டம்.

மரமும் நம்முடையதுதான். பேஸின் விரல் பலகைக்கு உலகம் விரும்பும் ரோஸ்வுட்களில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017-இல் அந்த மரத்தின் பேரினமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, விற்பனைக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிட்டார்களுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல்தான் விலக்கு கிடைத்தது. மரத்தைக் காக்க அந்தக் கெடுபிடி அவசியம் என்பதே என் கருத்து. ஈட்டி வளர்வது மெதுவாக. ஒரு பேஸுக்கு வேண்டியது ஒரு சிறு பலகை. அந்தப் பலகைக்கு விலை கூடினால் கூடட்டும்.

ஆனால் பலாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. புதுக்கோட்டைச் சீமையிலும் பலாவுக்குக் குறைவில்லை. வீணைக்கு ஒலி தருகிற மரம் பேஸுக்கு என்ன தரும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தஞ்சை ஆசாரி ஒருவரும் பேஸ் வாசிக்கிற இளைஞர் ஒருவரும் ஒரு பட்டறையில் உட்கார்ந்து தொடங்கலாம். கழுத்தின் உள்ளே போகிற இரும்புக் கம்பி, பிக்கப், வயரிங் இதெல்லாம் ஆசாரிக்குப் புதிது. மரத்தின் ஈரம் காய்வதும், தண்டி வளையாமல் நிற்பதும், மெட்டு சுருதியில் உட்காருவதும் இளைஞருக்குப் புதிது. முதல் வாத்தியம் கனமாகப் போகலாம், இரண்டாவதில் குறைத்துக்கொள்ளலாம். தந்தி நாலா ஐந்தா என்பதை மட்டும் தொடங்கும் முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது, கழுத்தின் அகலம் அதைப் பொறுத்ததுதான்.